எழுதி வாங்கியாச்சு, அப்புறம்?

குழந்தைகள் பாதுகாப்பு பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி போன இதழில் கேட்டிருந்தோம். வந்ததில் பாதி கேள்வி, பாதி ஆற்றாமை. பதில் எழுதுபவர் ஒரு மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழுவில், அதாவது பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழுவில், மூன்று வருடம் உறுப்பினராக இருந்தவர். எந்த மாவட்டம் என்று போட வேண்டாம் என்றார், சரி என்றோம். கேட்டவர்களின் பெயர்களையும் எடுத்துவிட்டோம்.

கேள்வி: எங்கள் லைன் வீட்டில் ஏழு வயதுப் பையன் ஒருவனை அவன் அம்மாவோடு இருக்கும் ஆள் தினமும் போட்டு அடிக்கிறான். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு நான்தான் போன் செய்தேன். இரண்டு பேர் வந்தார்கள், விசாரித்தார்கள், "இனி அடிக்க விடமாட்டேன்" என்று அம்மாவிடம் எழுதி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அன்று ராத்திரியே மறுபடி அடி. இப்போது யார் போன் செய்தது என்று வீடு வீடாகக் கேட்கிறான். நான் செய்தது தப்பா மேடம்? (திருப்பூரிலிருந்து ஒருவர்)

தப்பே இல்லை. தப்பு அந்த வெள்ளைத்தாளில் இருக்கிறது. புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு ஸ்டேஷனில் எழுதி வாங்குகிற பழக்கம் அப்படியே குழந்தைகள் விஷயத்திலும் வந்து ஒட்டிக்கொண்டது. பெற்றோரிடம் உறுதிமொழி வாங்க சட்டத்தில் இடம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதை நலக் குழு முன்னால், குழந்தையிடம் தனியாகப் பேசிய பிறகு, விசாரணையின் ஒரு பகுதியாக வாங்க வேண்டும். அடிக்கிற ஆள் திண்ணையில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருக்க, வாசலில் நின்று வாங்குவதற்கு என்ன அர்த்தம்? அந்தப் பையனைப் பொறுத்தவரை, ஆபீசர்கள் வந்தார்கள், அம்மா கையெழுத்துப் போட்டாள், போய்விட்டார்கள், அப்புறம் இன்னும் கூட அடி விழுந்தது. அடுத்த முறை யார் வந்து கேட்டாலும் "விளையாடும்போது விழுந்துட்டேன்" என்றுதான் சொல்வான்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சொல்வதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையைப் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழு முன்னால் கொண்டுவர வேண்டும். குடும்பம் எப்படி, வீடு எப்படி என்கிற சமூக விசாரணை அறிக்கை 15 நாளில் வர வேண்டும். நான்கு மாதத்துக்குள் இறுதி உத்தரவு. குழுவுக்கு மாஜிஸ்திரேட்டின் அதிகாரம் உண்டு. குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் கொடுமைப்படுத்தினால் மூன்று வருடம் வரை சிறை. எல்லாம் இருக்கிறது. வந்த இரண்டு பேரும் மேலே அறிக்கை அனுப்பியிருப்பார்கள், அதில் "பிரச்சினை தீர்க்கப்பட்டது" என்று ஒரு கட்டத்தில் டிக் விழுந்திருக்கும்.

அவர்களையும் முழுக்கத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. 1098 என்பது 1996இல் மும்பையில் ஆரம்பித்து, பல வருடம் தொண்டு நிறுவனங்கள் வழியாக நடந்த சேவை. 2023இல் அதை அரசே எடுத்துக்கொண்டு 112 அவசர எண்ணோடு இணைத்தது. தெருவில் இறங்கி வேலை செய்து, எந்தச் சந்தில் எந்த வீடு என்று தெரிந்து வைத்திருந்த பல பேர் அந்த மாற்றத்தில் கழன்றுபோனார்கள் என்பது என் வருத்தம். இப்போது இருப்பவர்கள் தொகுப்பூதியத்தில், விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களாக ஒரு மாவட்டம் முழுவதையும் சுற்றுகிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: மறுபடி 1098க்குப் போன் செய்யுங்கள், முந்தைய புகாரின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதோடு நலக் குழுத் தலைவருக்கு நேரடியாக ஒரு கடிதம் எழுதுங்கள். யாரும் கொண்டுவராவிட்டாலும் தானாகவே வழக்கை எடுத்துக்கொள்ளக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. பையன் எந்தப் பள்ளியில் எந்த வகுப்பு என்பதைக் கட்டாயம் எழுதுங்கள், வீட்டில் வைத்து விசாரிக்க வேண்டாம், பள்ளியில் வைத்துப் பேசுங்கள் என்றும் எழுதுங்கள். வகுப்பில் தெரிகிற முதுகுத் தழும்பு வீட்டில் சட்டைக்குள் போய்விடும்.

கேள்வி: தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி வேன் டிரைவர் பற்றி என்னிடம் அழுதுகொண்டே சொன்னாள். ஹெச்.எம்.மிடம் சொன்னால், "வேனை மாத்திட்டோம், அந்த ஆளையும் நிறுத்தியாச்சு, பொண்ணு பேர் கெட்டுடும், விட்டுடுங்க" என்கிறார். நான் என்ன செய்வது? (பெயரும் ஊரும் வேண்டாம்)

டீச்சர், இதில் யோசிக்க உங்களுக்குச் சட்டம் இடம் விடவில்லை. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கென்று வந்த 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, இப்படி ஒன்று நடந்தது தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஒரு வருடம் வரை. உங்கள் ஹெச்.எம்.மிடம் இந்த இரண்டாவது வரியை மட்டும் மெதுவாகப் படித்துக் காட்டுங்கள். நல்லெண்ணத்தில் புகார் சொன்னவர் மேல் அதற்காக வழக்குப் போட முடியாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. அந்த டிரைவர் இப்போது வேறு ஏதோ பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருப்பான் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

புகார் கொடுத்த பிறகு நடப்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குழந்தையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவளுக்குப் பிடித்த இடத்திலோ, சீருடை இல்லாத அதிகாரி, கூடியவரை பெண் எஸ்.ஐ., பதிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். பல இடங்களில் மகளிர் காவல் நிலைய பெஞ்சில்தான் நடக்கிறது. அப்புறம் டாக்டரிடம் ஒரு முறை, மாஜிஸ்திரேட்டிடம் ஒரு முறை, நலக் குழுவில் ஒரு முறை, கவுன்சலிங் தரும் ஆற்றுப்படுத்துநரிடம் ஒரு முறை. உங்களிடமும் ஹெச்.எம்.மிடமும் சொன்னதைச் சேர்த்தால் அந்தப் பிஞ்சு அதே கதையை ஆறேழு தடவை சொல்லியிருக்கும். பிறகு திடீரென்று யாருமே வரமாட்டார்கள். வழக்கு கோர்ட்டுக்குப் போகும் வரை வீட்டுக்கு வருவது எதிர்த் தரப்பின் சொந்தக்காரர்கள் மட்டும்தான், கையில் பழப் பையோடு, சமாதானம் பேச.

இந்த இடைவெளிக்காகத்தான் 'ஆதரவு நபர்' என்று ஒருவரை நியமிக்கும் ஏற்பாடு வந்தது. வழக்கு முடியும் வரை குழந்தை கூடவே இருப்பவர், எந்தத் தேதிக்கு எங்கே போக வேண்டும், என்ன கேட்பார்கள் என்று புரிய வைப்பவர். இது பெற்றோர் கேட்டால் தருவது என்கிற மாதிரி இருக்கக் கூடாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே சொன்னது. எனவே நீங்கள் புகாரோடு நிற்காமல், "ஆதரவு நபர் போட்டாச்சா" என்று நலக் குழுவைக் கேட்டுக்கொண்டே இருங்கள். அவசரச் செலவுக்குச் சிறப்பு நிவாரணம் என்று ஒன்றும் உண்டு, குழு பரிந்துரைத்த ஒரு வாரத்தில் கைக்கு வர வேண்டியது. கேட்காதவர்களுக்கு அது வந்து நான் பார்த்ததில்லை. கோர்ட் வழக்கை ஏற்ற 30 நாளில் குழந்தையின் சாட்சியம் முடிய வேண்டும், கூடுமானவரை ஒரு வருடத்தில் வழக்கே முடிய வேண்டும் என்பதும் சட்டம்தான். எட்டாவது படிக்கும்போது நடந்ததற்கு, பிளஸ் டூ படிக்கும்போது கூண்டேறிய பெண்ணை எனக்குத் தெரியும். "மறந்துபோச்சுன்னு சொல்லட்டுமா ஆன்ட்டி" என்று என்னிடம் கேட்டாள்.

கேள்வி: மகள் இறந்து இரண்டு வருடம். மருமகன் எங்கே போனான் என்றே தெரியவில்லை. பேரன், பேத்தி இரண்டு பேரையும் நூறு நாள் வேலைக்குப் போய் நான்தான் பார்க்கிறேன். ஆபீசில் உதவி கேட்டால், "இல்லத்தில் சேர்த்துவிடுங்கள், நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள்" என்கிறார்கள். சேர்த்துவிடவா? (திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி, பக்கத்து வீட்டுப் பெண் எழுதிக் கொடுத்தது)

வேண்டாம் அம்மா. உங்களால் முடிகிற வரை வேண்டாம். குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பது நான் சொல்வது இல்லை, இளைஞர் நீதிச் சட்டமே ஆரம்பத்தில் எழுதி வைத்திருக்கும் கொள்கை. ஆனால் ஆபீசுக்கு அது முதல் வழி, ஏன் என்றால் அதுதான் சுலபம். இல்லத்தில் சேர்க்க ஒரு உத்தரவு, ஒரு கையெழுத்து போதும். உங்களிடமே விட்டு உதவி செய்ய ஒரு கட்டுக் காகிதம் வேண்டும்.

மத்திய அரசின் 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் நிதி ஆதரவு என்று ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. கிராமத்தில் குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000 ரூபாய்க்குள், நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கலெக்டர் தலைமையில் இருக்கும் குழு ஒப்புதல் தரும். தமிழ்நாடு அரசின் 'அன்புக்கரங்கள்' 2025 செப்டம்பரில் வந்தது, மாதம் 2,000 ரூபாய், 18 வயது வரை. இரண்டில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை கலெக்டர் ஆபீசில் இருக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். மகளின் இறப்புச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், குழந்தைகளின் ஆதார், பள்ளியில் படிப்பதற்கான சான்று, ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் இதையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. அப்பா செத்தாரா, உயிரோடு இருக்கிறாரா என்று கேட்பார்கள். செத்தால் சான்றிதழ் இருக்கும். ஓடிப்போனதற்குச் சான்றிதழ் யார் தருவார்? வி.ஏ.ஓ.விடம் அலைய விடுவார்கள். அந்த இடத்தில் சோர்ந்துபோய் "சரி, இல்லத்திலேயே சேர்த்துக்கங்க" என்று சொன்ன பாட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் முன்னாலேயே சொல்கிறேன். இன்னொன்று, பணம் மாதாமாதம் டாணென்று வந்துவிடும் என்று எண்ணிக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

இங்கே கொஞ்சம் கோபமாகவே கேட்கிறேன். வார்டன், சமையல்காரர், வாடகை, கரண்ட் பில் எல்லாம் போட்டு இல்லத்தில் ஒரு குழந்தைக்குச் செலவு செய்யும் அரசுக்கு, அதே பணத்தைப் பாட்டி கையில் கொடுக்க மட்டும் ஏன் இத்தனை சந்தேகம்?

கேள்வி: இல்லங்களில் அடிக்கடி இன்ஸ்பெக்‌ஷன் நடக்கிறது என்கிறார்கள். அப்புறம் எப்படி உள்ளே இவ்வளவு நடக்கிறது? (சேலம்)

மாவட்ட ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போக வேண்டும். குறைந்தது மூன்று பேர், அதில் ஒரு பெண், ஒரு டாக்டர். நலக் குழுவும் மாதம் இரண்டு முறையாவது இல்லங்களுக்குப் போக வேண்டும். போகிறோம். போவதற்கு முன்னால் போன் போய்விடும். நாங்கள் போகும்போது வாசலில் கோலம், பிள்ளைகள் தலையில் எண்ணெய், மத்தியானம் சாம்பாரில் முருங்கைக்காய். பதிவேட்டைப் பார்ப்போம், கழிப்பறையைப் பார்ப்போம், வரிசையாக நிற்கும் பிள்ளைகளிடம் "நல்லா இருக்கீங்களா" என்று கேட்போம். பின்னால் வார்டன் நிற்பார். "நல்லா இருக்கோம் மேடம்" என்று கோரஸாகப் பதில் வரும்.

பீகார் முசாபர்பூரில் நடந்தது இதுதான். அந்தப் பெண் குழந்தைகள் இல்லத்துக்கும் அதிகாரிகள் போய் வந்துகொண்டுதான் இருந்தார்கள். டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் குழு ஒன்று மாநிலம் முழுக்க 110 நிறுவனங்களைத் தணிக்கை செய்தபோது பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசியது, அந்த இல்லத்தில் பிள்ளைகளுக்கு நடந்த பாலியல் கொடுமை எல்லாம் 2018இல் வெளியே வந்தது. 2020இல் டெல்லி நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்த 19 பேரில் ஒருவர், அந்த மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன்னாள் தலைவர். அதே மாதிரி ஒரு குழுவில் நானும் இன்னொரு ஊரில் உட்கார்ந்தவள் என்பதால் இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நம் ஊரும் உத்தமம் கிடையாது. தமிழ்நாட்டு அநாதை இல்லங்கள் பற்றி 2007இல் உச்ச நீதிமன்றம் போன வழக்கில் பத்து வருடம் கழித்து, 2017 மே மாதம் தீர்ப்பு வந்தது. நாடு முழுக்க எல்லா இல்லங்களையும் அந்த வருடக் கடைசிக்குள் பதிவு செய்து முடியுங்கள் என்றார்கள். 2021இல் மதுரையில் ஒரு இல்லம், உயிரோடு இருந்த குழந்தையைக் கொரோனாவில் இறந்ததாகக் காகிதம் காட்டி விற்றது. 2022 டிசம்பர் கடைசியில், குற்றம் சாட்டப்பட்ட சிறார்களை வைக்கும் செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் சேர்க்கப்பட்ட 17 வயதுப் பையன் ஓரிரு நாளில் இறந்தான், ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். அதற்குப் பிறகுதான் இந்த இல்லங்களைப் பற்றி ஆராய, ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி சந்துருவை ஒருநபர் குழுவாகப் போட்டார்கள்.

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்கு ஒரு இல்லத்தில் சாப்பாடு போட்டு, பிள்ளைகளோடு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். தப்பு என்கிறார் தம்பி. அப்படியா? (கோவை)

தம்பி சொல்வது சரி. பாதுகாப்பில் இருக்கும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஸ்டேட்டஸை எடுத்துவிடுங்கள். சாப்பாடு போடுங்கள், ஆனால் கேக் வெட்ட நீங்கள் லேட்டாக வந்தால், பசியோடு கை தட்டக் காத்திருக்கும் முப்பது பிள்ளைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஊரையெல்லாம் குறை சொல்கிறீர்கள். மூன்று வருடம் நீங்களே குழுவில் இருந்தீர்கள், என்ன கிழித்தீர்கள்? (விழுப்புரம்)

நியாயமான கேள்வி. ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

நான் சேர்ந்த முதல் வருடம், ஒரு வெள்ளிக்கிழமை. ஒன்பது வயதுப் பையன் ஒருவனை ரயில்வே ஸ்டேஷனில் பிடித்துக் கொண்டுவந்தார்கள். காலை பத்து மணியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், கால் தரையில் எட்டவில்லை. கூட வந்த போலீஸ்காரர் யூனிஃபார்மில் இருந்தார், பந்தோபஸ்து டூட்டி இருக்கிறது என்று நிமிடத்துக்கு ஒரு முறை வாட்சைப் பார்த்தார். அவன் வழக்கு எங்களிடம் வரும்போது மணி மூன்று. அவன் சாப்பிட்டானா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு நாங்கள் இருந்தது மூன்று பேர், வந்த வழக்கு பதினான்கு.

தற்காலிகமாக ஒரு இல்லத்தில் வைத்தோம். விசாரணை அறிக்கை வந்தது. "குடும்பச் சூழல் திருப்திகரமாக உள்ளது, பெற்றோர் பாசத்துடன் உள்ளனர், குழந்தையை ஒப்படைக்கப் பரிந்துரைக்கப்படுகிறது." அப்பா வந்து நின்றார், வெள்ளைச் சட்டை, கண்ணில் தண்ணீர். எழுதி வாங்கினோம். ஆமாம், நாங்களும்தான் எழுதி வாங்கினோம். கையெழுத்துப் போட்டேன்.

எட்டு மாதம் கழித்து அதே பையன், அதே மஞ்சப்பை, இந்த முறை முன்கையில் வரிசையாகச் சூட்டுக் காயம். பழைய கோப்பை எடுத்து அந்த அறிக்கையை முதல் தடவையாக முழுசாகப் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் "சிறுமி பூப்பெய்திவிட்டார்" என்று இருந்தது. வேறொரு பெண் குழந்தையின் அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். வீட்டுக்கு யாரும் போகவே இல்லை. எழுதியவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். பாவம், சின்னப் பெண். அந்த மாதம் மட்டும் அவர் எழுத வேண்டிய அறிக்கைகள் நாற்பதைத் தாண்டியிருந்தன, அந்தக் கிராமத்துக்கு நாளுக்கு இரண்டே பஸ், டீசலுக்குக் காசு இல்லாததால் ஆபீஸ் ஜீப் ஷெட்டில். அவரைக் கேட்டது சரி, படிக்காமல் கையெழுத்துப் போட்ட என்னை யார் கேட்பது?

அதற்குப் பிறகு நான் செய்தது சின்ன வேலை. ஒப்படைத்த ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி, ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று தேதி போட்டு, அந்தத் தேதியில் பள்ளிக்குப் போன் செய்து "வகுப்புக்கு வருகிறானா" என்று கேட்பேன். பல நேரம் அந்த ஒரு கேள்வியிலேயே விஷயம் தெரிந்துவிடும். என் காலம் முடிந்ததும் நோட்டை அடுத்து வந்தவரிடம் கொடுத்தேன். அது அலுவலகப் பதிவேடு இல்லை என்பதால் எடுத்துக்கொள்ள முடியாது என்று திருப்பித் தந்துவிட்டார். இப்போதும் என் பீரோவில் இருக்கிறது.

கேள்வி: ஆறு வயதிலிருந்து இல்லத்தில் வளர்ந்தேன். 18 முடிந்ததும் ஒரு சூட்கேசும் கொஞ்சம் பணமும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வாடகைக்கு ரூம் கேட்டால் அப்பா அம்மா போன் நம்பர் கேட்கிறார்கள். எனக்கு ஏதாவது உண்டா அக்கா? (சென்னை, கூரியர் வேலை)

உண்டு தம்பி. இல்லத்தை விட்டு வெளியே வந்தவர்களுக்குப் பிற்காப்பு (ஆஃப்டர் கேர்) என்று பெயர், 21 வயது வரை, சில பேருக்கு 23 வரை நீட்டிக்கலாம். வாத்சல்யாவில் இதற்கும் மாதம் 4,000 ரூபாய் இருக்கிறது. ஆனால் சட்டத்தில் பண உதவி "வழங்கலாம்" என்றுதான் இருக்கிறது, "வழங்க வேண்டும்" என்று இல்லை. அந்த 'லாம்'இல் எத்தனை பேர் விழுந்திருக்கிறார்கள் என்று உங்களோடு வளர்ந்தவர்களை எண்ணினால் தெரியும். இல்லத்தை விட்டுப் போவதற்கு முன்னால் போட வேண்டிய திட்டம், பெரும்பாலும் 18 முடிகிற வாரத்தில்தான் யாருக்காவது ஞாபகம் வரும்.

இல்லத்தில் இருந்ததற்கான நலக் குழு உத்தரவின் நகல் உங்களிடம் இருக்கிறதா? இல்லாவிட்டால் முதலில் அதை வாங்குங்கள். இல்லமே மூடியிருந்தாலும் மாவட்ட அலகில் கோப்பு இருக்க வேண்டும். அதை வைத்துப் பிற்காப்புக்கு எழுதிக் கொடுங்கள், கொடுத்ததற்கு நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். ரூம் விஷயத்தில் அவசர உதவி வேண்டுமென்றால் பத்திரிகை ஆபீசுக்கு மறுபடி எழுதுங்கள், உங்கள் போன் நம்பரோடு. கூப்பிடுகிறேன்.

(அடுத்த இதழில் தத்தெடுப்பு பற்றிய கேள்விகள். எழுதுபவர்கள் குழந்தையின் பெயரையோ பள்ளியின் பெயரையோ கடிதத்தில் குறிப்பிட வேண்டாம்.)